பதினொன்றுக்கு ஒன்பது

அஷ்வினி, நேற்று உன் டிபன் பாக்ஸை என் அறையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாய். புளியோகரை கொஞ்சம் மிச்சமிருந்தது. வீணாகப் போகவேண்டாமே என்று சாப்பிட்டுவிட்டேன். உன் அம்மாவுக்கு நல்ல கைப்பக்குவம், வேர்க்கடலைதான் ஒரு சுற்று கூடுதலாக வறுபட்டிருந்தது. பாக்ஸைக் கழுவித் துடைத்து ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்.

நீ ஏன் மறந்தாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு கேள்வி கேட்டாய், பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தாய், அப்புறம் நாற்காலியைக்கூடப் பின்னால் தள்ளாமல் எழுந்து போய்விட்டாய். உன் கேள்விகள் நல்ல கேள்விகள். பாதி தமிழ், பாதி கன்னடம், நடுவில் இங்கிலீஷ் என்று கலந்துகட்டிக் கேட்டாலும் விஷயம் சுத்தமாக இருந்தது. "சார், விண்டோ லெவன். ஆனா மேட்ச் நைன் போதும்னு போட்டிருக்கீங்க, யாக்கே?" என்று காரணம் கேட்டாய். அடுத்தது, "நோட்டுல இருக்கிற எழுத்து வேற, ஃபைல்ல இருக்கிற எழுத்து வேற. யார் சார் மாத்துனது?"

நம் தலைவர் கௌரம்மா மேடம் ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய எலும்பு, மங்கலான ஃபிலிம், படிப்பதில் பிழை வரலாம் என்று எழுதியிருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, மிச்சம்தான் இருக்கிறது. அந்த மிச்சத்தை உனக்கு எழுதுகிறேன். இந்த மரபணு ஆய்வு நிலையத்தில் இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடப் பழைய நோட்டை எடுத்து வைத்து நானூறு எழுத்தையும் ஒன்றொன்றாகத் தட்டிப் பார்த்ததில்லை. நீ பார்த்தாய். அந்தப் பொறுமைக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள். இந்தத் தாள்களை நீ மேலே கொடுப்பாய், கொடுக்கத்தான் வேண்டும். படிப்பவர்கள் எல்லாரும் நம் தொழில்காரர்களாக இருக்கமாட்டார்கள்.

நம் உடம்புக்குள் நான்கே எழுத்தில் எழுதிய ஒரு நீளமான வரி இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பகுதி அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும். அப்பாவுக்கு அதில் பங்கே கிடையாது. அம்மாவிடம் எப்படி இருக்கிறதோ அப்படியே பிள்ளையிடமும் இருக்கும். ஆகவே காணாமல் போனவனின் அம்மா ரத்தத்தையும், கிடைத்த எலும்பையும் படித்து, இரண்டு வரியையும் ஒப்பிட்டால் எலும்பு அவள் பிள்ளையினுடையதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒப்பிடுவது என்றால் வாயால் வாசிப்பதுதான். கௌரம்மா மேடம் எழுத்துகள் பதிந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, "ஏ, ஏ, சி, ஜி" என்று சந்தையில் எண்ணிப் போடுகிற மாதிரி வாசிப்பார், நான் பென்சிலால் டிக் அடிப்பேன். நூறு எழுத்தைத் தாண்டினால் இரண்டு பேருக்கும் தலை கிறுகிறுத்துவிடும். அதைப் பார்த்துத்தான் நான் 'இணை' என்ற கம்ப்யூட்டர் புரோகிராமை எழுத ஆரம்பித்தேன். மூன்று வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியில்லை. எனக்குக் கல்யாணம் பேசிய இடத்தில், பையன் ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்கமாட்டானாமே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

'இணை' செய்வது சின்ன வேலை. ஒரு வரியை மேலே படுக்கையாக எழுதும், இன்னொன்றை இடப்பக்கம் நெடுக்காக எழுதும். இரண்டும் ஒத்துப்போகிற கட்டத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைக்கும். இரண்டு வரியும் ஒன்றே என்றால் புள்ளிகள் சேர்ந்து மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு ஓடும். இருப்பது நான்கே எழுத்து என்பதால் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டால் திரை முழுக்கக் கோலப்பொடி கொட்டின மாதிரி ஆகிவிடும். அதனால் பதினொரு எழுத்தைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பதினொன்றுக்குப் பதினொன்றும் சரியாக இருந்தால்தான் புள்ளி. ஓர் எழுத்து மாறினாலும் கோடு அந்த இடத்தில் அறுந்து தெரியும். அந்தக் கண்டிப்பைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு எண்ணை மாற்றினால் போதும். நீ கேட்டது அந்த எண்ணைத்தான்.

தொண்ணூற்று மூன்றில் டெல்லியிலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். அரை மணி நேரம் 'இணை'யை ஓட்டிக் காட்டினேன். அதில் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "படம் அழகா இருக்கு. இதை வெச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கௌரம்மா மேடமும் லேசாகச் சிரித்தார், மரியாதைக்காகத்தான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

அடுத்த வருஷம் ஜூனில் ஒரு போலீஸ் அதிகாரி சாக்கில் எலும்புகளைக் கொண்டுவந்தார். காட்டுக்குள் கிடைத்ததாம், கூடவே ஒரு கட்டம் போட்ட சட்டையின் கிழிசல். அந்தக் காலத்தில் காட்டோரத்து ஊர்களில் ஆண்கள் காணாமல் போவது புதிதில்லை. காட்டுக்குள் ஒளிந்திருந்த கடத்தல்காரர்களுக்குச் சோறு கொடுத்தான் என்று ஒரு பக்கம் பிடிப்பார்கள், காட்டிக்கொடுத்தான் என்று இன்னொரு பக்கம் பிடிப்பார்கள். கோபிநத்தத்தில் சென்னிமலை என்று ஒருத்தன், இருபத்தாறு வயது, எட்டு மாதமாக ஆளைக் காணோம். அவன் அம்மா மாதம்மாவையும் மனைவி சொர்ணலதாவையும் ஜீப்பில் கூட்டிவந்திருந்தார்கள். நிலையத்தில் அவர்கள் பேச்சு புரிகிற ஆள் நான் ஒருத்தன்தான். எனக்குக் கொள்ளேகால் என்பதால் அவர்கள் ஊர்த் தமிழ் எனக்கு வீட்டுத் தமிழ்.

மாதம்மா ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். "என்ற பையன் உசுரோட இருக்கான். செத்தவனுக்குத்தானுங்க ரத்தம் கேக்கறீங்க? நான் எதுக்குங்க குடுக்கோணும்?" என்றாள். அதிகாரி மிரட்டிப் பார்த்தார், மேடம் கெஞ்சிப் பார்த்தார். அவள் தலையை ஒரு பக்கமாக ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கோபமில்லை, அழுகையில்லை, ஒரே பிடியாக இல்லை என்றாள்.

மேடம் கையை விரித்துவிட்டார். மனைவி ரத்தம் எதற்கு ஆகும், வேறு வயிற்றுப் பெண்ணாயிற்றே என்றார். எனக்குத்தான் ஒரு யோசனை வந்தது. சொர்ணலதாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் மாமியார் கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு என்ன முறை?" என்று கேட்டேன்.

"அம்மாயிங்க. எங்கம்மாவப் பெத்தவிய. மாமனத்தானுங்க எனக்குக் கட்டிவெச்சாங்க."

அக்கா மகளைத் தம்பிக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள். நம் பக்கம் சாதாரணம். ஆனால் எங்கள் தொழிலுக்கு அது பெரிய விஷயம். மாதம்மாவின் வரி அவள் மகளுக்கு வந்தது, மகளிடமிருந்து பேத்திக்கு வந்தது. மாதம்மாவின் மகனுக்கு இருக்க வேண்டிய அதே வரி அவன் பெண்டாட்டிக்கும் இருக்கிறது. உலகத்தில் முக்கால்வாசி இடத்தில் மனைவி ரத்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, இங்கே முடியும். கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினேன். மேடம் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். சொர்ணலதா கை நீட்டினாள். மாதம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எலும்பைப் படிக்க ஏழு வாரம் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வரியையும் 'இணை'யில் போட்டேன். பதினொன்றுக்குப் பதினொன்று. கோடு ஐந்து இடத்தில் அறுந்திருந்தது. மொத்தம் ஆறு எழுத்து மாறியிருந்தது, அதில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் அங்கே ஒரே அறுப்பு. எங்கள் நிலையத்தில் நாங்களே வைத்துக்கொண்ட கணக்குப்படி இரண்டுக்கு மேல் போனால் வேறு தாய். அந்த எலும்பு யாரோ ஒருத்தன். சென்னிமலை இல்லை.

வெளியே அதிகாரி வந்திருந்தார். மேடம் கதவைத் திறந்து, "ஏனாயித்து மகேந்திரா?" என்று முடிவைக் கேட்டார். ஒரு நிமிஷம் மேடம் என்றேன். பழைய எலும்பில் படிக்கும்போது பிழை வரும், உண்மை. பேத்தி ரத்தம், ஒரு தலைமுறை தள்ளி, அதற்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம், அதுவும் உண்மை. பதினொன்றைப் பத்தாக்கினேன். நாலு அறுப்பு மூடிக்கொண்டது. ஒன்பதாக்கினேன். கோடு மூலைக்கு மூலை முழுசாக ஓடியது. இரண்டே எழுத்துச் சலுகை, அவ்வளவுதான் நான் செய்தது.

அதிகாரி திரையைப் பார்த்து, "ஓ, இஷ்டு சுலபவா?" என்றார், இவ்வளவு சுலபமா என்று. நானூறு எழுத்தைக் காட்டியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார். கோட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரத்தில் பேப்பரில் படத்தோடு வந்தது. டெல்லியிலிருந்து புதுக் கம்ப்யூட்டர் வந்தது, அந்தப் பெரியவரே கையெழுத்துப் போட்டு வாழ்த்துக் கடிதம் அனுப்பினார். அநாதைப் பிணங்களின் மாதிரிகளை எங்களுக்கே அனுப்புவது என்று ஏற்பாடாயிற்று. அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

மாதம்மாவுக்கு நானேதான் காட்டினேன். திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேன். அவள் கேட்டாள், "இந்தக் கோடுதானுங்களா என்ற பையன்?"

"ஆமாம்மா."

அவள் ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்து, கோட்டின் மேல் மெதுவாக மேலிருந்து கீழே வரை இழுத்தாள். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் விரல் நின்றது. அறுப்பு இருந்த இடங்களில்தான் நின்றது என்று அப்போது எனக்குத் தோன்றியது. நிச்சயமாக அது என் பிரமைதான். கடைசியில் தலையை ஒரு பக்கமாக ஆட்டினாள். "இது என்ற பையன் இல்லீங்க சாமி."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"தெரியலீங்க. ஆனா இல்லீங்க."

மேடம் ஒத்துக்கொண்டார், அதிகாரி ஒத்துக்கொண்டார், டெல்லி ஒத்துக்கொண்டது. கைநாட்டு வைக்கிற ஒருத்தி இல்லை என்றாள்.

எலும்புகளை ஊருக்குக் கொண்டுபோய் எல்லாம் முறைப்படி செய்தார்கள். சொர்ணலதா அழுதாள், மாதம்மா அந்தப் பக்கமே போகவில்லையாம். இரண்டு வருஷம் கழித்து சொர்ணலதாவைக் கௌதள்ளியில் ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்தார்கள். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. சொர்ணலதாவுக்கு ஒரு வழி பிறந்ததென்றால் என் கோட்டால்தான். நான் எப்போது மனசு கனத்தாலும் அந்தக் குழந்தையைத்தான் நினைத்துக்கொள்வேன். வருஷக்கணக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, இல்லை என்று தெரிந்துகொண்டு எழுந்து போவது மேல். மாதம்மாவுக்கும் அதைத்தான் நான் கொடுத்தேன். அவள்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

மாசத்துக்கு ஒரு திங்கட்கிழமை அவள் வருவாள், நீயே பார்த்திருக்கிறாய். காலை பஸ்ஸில் கொள்ளேகால், அங்கிருந்து மைசூர், சாயங்காலம் திரும்பிப் போவாள். கேட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். வாட்ச்மேன் விரட்டினாலும் கொஞ்சம் தள்ளி உட்காருவாள். நான் உள்ளே போகும்போது எழுந்து நிற்பாள். "ஒருக்கா மறுக்கா போட்டுப் பாருங்க சாமி." நான் அவளை ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை, அதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூட்டிவந்து, உட்காரவைத்து, ஒன்பதில் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவள் கோட்டைப் பார்த்துவிட்டு, இல்லீங்க என்று தலையாட்டிவிட்டுப் போவாள். நாலு வருஷத்தில் நாற்பது தடவைக்குமேல் இருக்கும். எனக்குக் கோபம் வந்ததில்லை. எரிச்சல் என்று சொன்னால் சரியாக இருக்கும். திங்கட்கிழமை வரப்போகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமையே அவள் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன்.

போன வருஷம் பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு என் அறை வாசலில் ஒருத்தன் வந்து நின்றான். மேடம் பெங்களூர் போயிருந்தார். ஒல்லியான ஆள், செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தான், விரல் நுனியெல்லாம் கறுப்பாகக் கறை. "கம்ப்யூட்டர் சாருங்களா?" என்றான். என்ன வேணும் என்றேன்.

"நான் உசுரோட இருக்கேன்னு ஒரு சீட்டு வேணுமுங்க."

நான் பேர் கேட்கவே இல்லை. பேசுவதற்கு முன்னால் தலையை ஒரு பக்கமாக ஆட்டினான், அதுவே போதுமாயிருந்தது.

உட்காரச் சொன்னேன், டீ வரவழைத்துக் கொடுத்தேன். காணாமல் போன அன்றைக்கு ஊரில் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வயலிலிருந்து அப்படியே ஓடியவன் நிற்கவில்லையாம். மடிக்கேரிக்கு அந்தப் பக்கம் ஒரு காபி தோட்டத்தில் வேறு பேரில் வேலை. எழுதத் தெரியாது. ஆள் விட்டுச் சொல்லவும் பயம். போன மாசம் நம் பக்கத்து ஆள் ஒருத்தன் அந்தத் தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்து, ராத்திரி சாப்பாட்டின்போது மைசூர் கம்ப்யூட்டர் எலும்பைப் பார்த்து ஆளைச் சொன்ன அதிசயத்தைக் கதையாகச் சொல்லியிருக்கிறான். சென்னிமலை தன் சாவைத் தானே உட்கார்ந்து கேட்டிருக்கிறான். நான்தான் அது என்று வாய் திறந்து சொல்லவும் முடியவில்லை. சீட்டு இல்லாமல் ஊருக்குப் போனால் பேய் என்பார்கள், இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நேராக இங்கே வந்துவிட்டான்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் கேட்டான், "என்ற அம்மா எப்பிடி இருக்குதுங்க?"

மாதம்மா அடுத்த திங்கட்கிழமை வரவேண்டும், நாலு நாள்தான். அவனை நம் கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருந்தால் போதும்.

"போன ஐப்பசியில தவறிட்டாங்கப்பா" என்றேன்.

நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன். சொர்ணலதாவைப் பற்றியும் சொன்னேன், அது உண்மைதானே. கைக்குழந்தையோடு இருப்பவள் வாசலில் போய் நின்று என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்புறம் எலும்பைப் பற்றிச் சொன்னேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்றால் அந்த எலும்பு யாருடையது? யாரோ ஒருத்தன் செத்திருக்கிறான், நாலு வருஷமாக நீ தலைமறைவு. முதலில் யாரைக் கேட்பார்கள்? நான் மிரட்டவில்லை அஷ்வினி. ஒரு பெரியவன் எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நான் எங்கீங்க போறது?" என்றான்.

தோட்டத்துக்கே போ, அங்கே உனக்கு ஒரு பேர் இருக்கிறதல்லவா என்றேன். நானே பஸ் ஸ்டாண்ட் வரை கூட நடந்தேன். வழியில் ஒன்றே ஒன்று கேட்டான். "கடேசியில என்ற பேரச் சொல்லுச்சுங்களா?"

சொன்னார்கள் என்றேன். மடிக்கேரி பஸ் நிற்கிற இடத்தில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அன்றைக்கு மத்தியானம் வெயில் அதிகம், கடையில் நின்று ஒரு மோர் குடித்தேன்.

அவன் பஸ் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில், தோட்டத்துப் பேரைக் கொடுத்து அறை எடுத்திருக்கிறான். சனிக்கிழமை கதவை உடைத்தார்கள். பயிருக்கு அடிக்கிற மருந்து. கொடுத்த விலாசத்தில் அப்படி ஒரு ஊரே இல்லை என்பதால் அநாதைப் பிணம் என்று பிணவறையில் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மாதம்மா வந்தாள். மரத்தடியில் உட்கார்ந்தாள். பிணவறை நம் கேட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அன்றைக்கும் அவளுக்குக் கோட்டைப் போட்டுக் காட்டினேன். அன்றைக்கும் இல்லீங்க என்றுதான் சொன்னாள். ஆனால் போகும்போது அபூர்வமாகச் சிரித்தாள். "இந்த வாரம் பூராவும் அவன் பக்கத்துல வந்துட்டாப்பலயே இருக்குதுங்க" என்றாள்.

இதை எழுதும்போது கொஞ்சம் நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரத்தில் நம்பர் ஒட்டிய ஒரு குப்பியில் அவன் ரத்தம் வந்தது. கூட வந்த குறிப்பில் விரல் நுனியில் காபிக் கறை என்று இருந்தது. காணாமல் போனவர்கள் குடும்பத்து ரத்த ஃபைல்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார் என்றார் மேடம். படித்து முடித்ததும் யாரும் இல்லாதபோது சொர்ணலதாவின் வரியோடு போட்டேன். பதினொன்றுக்குப் பதினொன்று. ஒரு புள்ளி குறையவில்லை. மூலைக்கு மூலை அப்படி ஒரு கோடு. இத்தனை வருஷத்தில் 'இணை' அவ்வளவு சுத்தமாக ஒரு கோடு போட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, சந்தோஷம்தான் அது, மறைப்பானேன்.

அப்புறம் மேலே இருந்த சொர்ணலதாவின் வரியை எடுத்துவிட்டு, கௌதள்ளியில் எடுத்த வேறு ஒருத்தியின், சுந்தராம்பாள் என்பவளின் வரியைப் போட்டேன். எட்டு இடத்தில் அறுந்தது. அதைச் சொர்ணலதா என்று தலைப்புப் போட்டு அச்செடுத்து, யாரோடும் பொருந்தவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் படத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவனை நகராட்சிக்காரர்கள் புதைத்தார்கள். குழிக்கு நம்பர் உண்டு, நம் ரெஜிஸ்டரில் இருக்கிறது.

இனி உன் இரண்டாவது கேள்வி. ஃபைலை மாற்றியது நான்தான், போன வாரம்தான், மாதம்மா அதை இன்னும் பார்க்கவில்லை. தொண்ணூற்று நாலில் வந்த எலும்பின் எழுத்துகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் லாட்ஜில் செத்தவனின் எழுத்துகளை வைத்தேன். நோட்டைக் கிழிக்க மனசு வரவில்லை, அது மேடம் கையெழுத்து. அதில்தான் நீ பிடித்தாய்.

இதெல்லாம் ஏன் என்று நீ கேட்பாய். மாதம்மாவுக்காக என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி தாள் வரை அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன். அவன் என் வாசலில் வந்து நின்றபோது வேலை போய்விடுமே என்று பயந்தேன் என்று எழுதினால் உங்களுக்கு எல்லாம் சுலபமாக இருக்கும். அந்த பயம் அப்புறம்தான் வந்தது. அவன் தலையை ஆட்டினதும் முதலில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இவன் ஊருக்குப் போனால் அவள் சொன்னது சரியாகிவிடும். படித்த எத்தனையோ பேர் பார்த்துவிட்டுச் சரி என்ற படத்தில், படிக்காத ஒருத்தி விரலை வைத்துத் தப்பு என்றாள், அது தப்புத்தான் என்று ஆகிவிடும். அந்த நினைப்பை என்னால் தாங்கமுடியவில்லை. அதற்காகத்தான் அவனுக்கு அம்மா இல்லை என்றேன். சொன்ன இடத்திலேயே அவன் செத்துவிட்டான், லாட்ஜுக்குப் போனது வெறும் உடம்பு, அது எனக்கு அப்போதே தெரியும். கொன்றது மகேந்திரன் என்று எழுது, மறுக்கமாட்டேன். 'இணை'யில் குறை என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதே. அது ஒரு தடவைகூடத் தப்புச் செய்யவில்லை. ஐந்து இடத்தில் அறுந்திருக்கிறது என்று அன்றைக்கே என்னிடம் சொன்னது.

வருகிற திங்கட்கிழமை அவள் வரும்போது நான் இங்கே இருப்பேனோ இல்லையோ. நீ அவளை உள்ளே கூட்டிவந்து உட்காரவை. ஃபைலைத் திற, பதினொன்றுக்குப் பதினொன்றே போடு, ஒன்பது வேண்டாம். கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாகப் பார்க்கச் சொல். எங்கேயும் அறுந்திருக்காது. பார்த்துவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்பதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. இந்தத் தடவை அவள் இல்லை என்று சொல்லமுடியாது, அது அவள் மகன்தான்.